முன்னதாக வந்த கோடிச் சேலை

நெடுங்கரை பஜாரில் நாயகம் ஜவுளிக் கடையின் மூன்றாவது தட்டில், சித்திரைத் திருவிழாவுக்கான சரக்கை அடுக்கி முடித்த மறுநாள் காலை, எவரும் வாங்கி வராத, எந்தப் பெட்டியிலும் வந்திராத, விலைச்சீட்டும் நெய்தவர் முத்திரையும் இல்லாத, அரக்குச் சிவப்பில் பச்சைக் கரையிட்ட ஒரு நூல் சேலை இருந்தது. கடையைத் திறந்த பிரமநாயகம் சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சேலையை அவருக்குத் தெரியும். அதற்கு முன் மூன்று முறை அது அதே தட்டுக்கு வந்திருக்கிறது. மூன்று முறையும் அவர் அதைத் தாம்பாளத்தில் வைத்துச் சுமந்துபோய்த் தன் வீட்டில் பிறந்த ஒரு பெண்ணின் உடம்பின்மேல் தன் கையாலேயே போர்த்தியிருக்கிறார்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகும் பிறந்த வீடு அவளுக்கு ஆண்டுதோறும் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து முறை. பொங்கல்படி, ஆடிச்சீர், பிள்ளைப்பேறு, காதுகுத்து என்று நீளும் அந்த வரிசையின் கடைசியில் நிற்பது கோடி. அவள் இறந்த அன்று உடன்பிறந்தவனோ அவன் மகனோ கொண்டுவரும், தண்ணீர் படாத புதுச்சேலை. அது வந்து சேராமல் உடம்பை எடுக்க மாட்டார்கள். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத அண்ணன்கூடக் கோடியோடு வந்து நின்றுவிட்டால் ஊர் அவனை மன்னித்துவிடும்.

முதலில் அது சொர்ணம் அத்தைக்கு வந்தது. பிரமநாயகத்தின் தகப்பனாருடைய தங்கை, நாற்பத்தொன்பது வயது. அவள் போய்விட்டாள் என்று தொலைபேசி மணி அடிப்பதற்கு அரைமணி முன்பாகச் சேலை தட்டில் இருந்தது. சரக்குக் கட்டியவர் யாரோ தவறுதலாகச் சேர்த்து அனுப்பியிருப்பார் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அடுத்து மூத்த அக்கா செண்பகத்துக்கு, அவளுடைய நாற்பத்தைந்தாவது வயதில், மூன்று நாள் முன்பாக வந்தது. அதற்கடுத்து நடுவுள்ள தங்கை உலகம்மாளுக்கு, நாற்பத்திரண்டு வயதில், நாற்பது நாள் முன்பாக வந்தது. சொர்ணத்துக்கு நெஞ்சுவலி, செண்பகத்துக்கு மஞ்சள்காமாலை, உலகம்மாளுக்கு விஷக்காய்ச்சல் என்று பிரமநாயகம் ஊருக்குச் சொன்னார். ஊர் அப்படியே கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனதும் 'அந்த வியாதி' என்று உதட்டை அசைத்துத் தனக்குத்தானே திருத்திக்கொண்டது. வாய்விட்டுச் சொன்னால் அது தன் வீட்டுப் படியேறிவிடும் என்று நினைக்கிற ஊர் அது. படித்தவர்கள் நிறைந்த ஊர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"அண்ணாச்சி, அது வந்துட்டு போலிருக்கே" என்றாள் எசக்கியம்மாள், இருபது ஆண்டுகளாக அந்தக் கடையில் சேலை மடிப்பவள்.

"வாய மூடு எசக்கி."

"நான் மூடிக்கிடுதேன். ரோட்டுல நின்னு பாத்தவங்க வாய யாரு மூட?"

பிரமநாயகம் தம்மால் முடிந்ததையெல்லாம் செய்தார். கடையம் ஊரிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்கு அதை விற்றார். மறுநாள் சேலை தட்டுக்குத் திரும்பியிருந்தது, அந்த அம்மாளின் பையில் அதே எடையில் நல்ல ஜமுக்காளம் ஒன்று இருந்தது, அவள் புகார் சொல்லவில்லை. ஆற்றில் விட்டார், துளி ஈரமில்லாமல் வந்தது. கொளுத்தினார், சாம்பல் கொல்லையிலேயே கிடக்க, சேலை மட்டும் உள்ளே வந்தது. முப்பிடாதி அம்மனுக்குச் சாத்தினார். அம்மன் ஒரு பொழுது கட்டியிருந்துவிட்டுத் தனக்கு வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டாள். கடைசியில் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டி, விற்பனைக்கு அல்ல என்று எழுதி ஒட்டினார். பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு போவதற்குக் கூச்சப்பட்டு ஆளுக்கொரு துண்டாவது வாங்கிப் போனார்கள்; அந்தச் சித்திரையில் நாயகம் ஜவுளியில் துண்டுகள் தீர்ந்துபோயின.

யாருக்கு என்ற கேள்வி எழவே இல்லை. அந்த வீட்டில் பிறந்து வேறு வீட்டுக்கு வாழப்போனவர்களில் ஒருத்திதான் மிச்சம். கடைக்குட்டி மங்கையர்க்கரசி, முப்பத்தெட்டு வயது, அதே ஊரில் அரசுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், மின்வாரியத்தில் வேலை பார்க்கும் தளவாயின் மனைவி, இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தாய். அவளுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, இளைப்பு இல்லை. கரும்பலகையில் அவள் எழுதினால் கடைசி பெஞ்சுவரை சுண்ணாம்புத் தூள் பறக்கும்.

நெடுங்கரை அவள்மீது இரக்கம் கொண்டது. அப்படியோர் இரக்கத்தை அந்த ஊர் அதற்கு முன் யாருக்கும் காட்டியதில்லை. பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் எழுந்து கொடுத்தார்கள். காய்க்காரி கறிவேப்பிலையைக் கை நிறைய அள்ளிப் போட்டாள். ஆறு ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லாதிருந்த எதிர்வீட்டு ராஜம் ஒரு தூக்குவாளியில் பாயாசத்தோடு வந்து நின்று, "நான் எதையும் மனசுல வச்சிக்கிடல மதினி, நீங்களும் வச்சிக்கிடாம போயிருங்க" என்று சொல்லி, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தையற்காரி ரவிக்கைகளைச் சொன்ன தேதிக்கு முன்னதாகவே தைத்துக் கொடுத்தாள். மற்ற எல்லாவற்றையும்விட அதைக் கண்டுதான் மங்கை அதிகம் பயந்தாள். அவள் கேட்காமலே தலைமையாசிரியை விடுப்பு எழுதித் தந்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நாற்பத்தொரு பேரும் வீட்டுக் கணக்கைச் செய்துகொண்டு வந்தார்கள். பாயாசம் காய்ச்சவும் கறிவேப்பிலை அள்ளவும் கண்ணைத் துடைக்கவும் தெரிந்த அந்த ஊரில், ஒருத்திக்காவது, ஒருவனுக்காவது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. இரக்கம் என்பது பல வீடுகளில், செய்ய வேண்டியதைச் செய்யாமலிருப்பதற்குக் கிடைக்கிற மரியாதையான காரணம்.

மங்கைக்கும் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. தோன்றியது, தோன்றியதை மடித்து வைத்தாள். எண்களைக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டுகிறவள், தன் வீட்டுப் பெண்களின் வயதுகளை மட்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கத் துணியவில்லை. குளிக்கும்போது கை எங்கும் நின்று தடவிப் பார்க்காமல் சோப்புப் போடக் கற்றுக்கொண்டாள். தெரியாதவரை இல்லை என்பது அவள் அறிந்த எந்தக் கணக்கிலும் செல்லாது. ஆனாலும் அதை வைத்துக்கொண்டே இரண்டு மாதத்தை ஓட்டினாள்.

ஆடி பிறக்கும் முன்பே பிரமநாயகம் ஆடிச்சீரைக் கொண்டுவந்தார், வழக்கத்தைப்போல் மூன்று மடங்கு. பழத்தட்டுகளை இறக்கி வைத்துவிட்டுத் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் ஒருக்கா டாக்டர்ட்ட போயிட்டு வரட்டா?"

"எதுக்கு? ஒனக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல."

"ஒண்ணும் செய்யலன்னா எதுக்குப் போற? எம் மக பூரணியச் சேரன்மாதேவியில இருந்து பொண்ணு கேக்காங்க. அத்தைக்காரி அந்த ஆசுபத்திரி வாசல்ல நின்னான்னு ஒருத்தன் பாத்துச் சொன்னா முடிஞ்சிது."

"அத்தைக்காரி செத்துட்டா முடியாதா?"

"ஏட்டி, என்ன பேச்சு பேசுத!" என்றவர், அதற்குமேல் முடியாமல் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அவர் கெட்டவர் அல்லர். மூன்று பெண்களையும் ஊருக்குத் தெரியாமல் தூரத்து நகரங்களுக்குக் கூட்டிப்போனவர், வராந்தாக்களில் படுத்துக் கிடந்தவர், தலைமுடி கொட்டிய செண்பகத்துக்குத் தன் கையால் முக்காடு போட்டுவிட்டவர். ஆனால் மூவரையும் அவர் கூட்டிப்போனபோது வலி வந்துவிட்டிருந்தது. வலி வந்த பிறகு போவதுதான் மருத்துவம் என்றும், வலிக்கு முன்னால் போவது குடும்பத்துக்கு இழுக்கு என்றும் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதை மாற்றிச் சொல்ல யாரும் வரவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட மங்கை பொறுக்க முடியாமல் போனது ஒரு திங்கட்கிழமைக் காலையில், ரசத்தில்.

"மங்கை, ரசத்துக்கு எவ்வளவு புளி போடுவ?" என்று அடுப்படி வாசலில் நின்று கேட்டான் தளவாய்.

"எதுக்குக் கேக்கிய?"

"சும்மாத்தான்."

பதினான்கு ஆண்டுகளில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறதென்று கேட்டிராத மனிதன். முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்தான். பிடுங்கிப் பார்த்தாள், கோடு போட்ட நோட்டு. மின்வாரியத்தில் கம்பி இணைப்புக்கு வரைபடம் போடுகிற அதே சுத்தமான கையெழுத்தில், சாம்பார், ரசம், மூத்தவளுக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரைகள், வண்ணாத்தியின் கைபேசி எண் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்தில் ஒரு படம். சின்னவளுக்குச் சடை பின்னும் முறை. மூன்று பிரிகளுக்கும் எண் போட்டு, எது எதன்மேல் போகவேண்டும் என்று அம்புக்குறி காட்டியிருந்தான்.

அவள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அவன் தலை குனிந்து நின்றான்.

"ரெண்டாம் பிரி அடியில போகணும். தப்பா வரைஞ்சிருக்கிய" என்றாள். "இதெல்லாம் படிச்சு முடிச்சதும் சொல்லுங்க, நான் சாவுதேன். அதுக்கு இன்னும் நாள் ஆகும் போலிருக்கு. அதுக்குள்ள எனக்கு டவுன்ல ஒரு வேலை இருக்கு."

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவள் நாயகம் ஜவுளிக்குள் நுழைந்து, "அந்தக் கண்ணாடியத் திறங்க" என்றாள்.

"அது விக்கிறதுக்கு இல்ல" என்றார் பிரமநாயகம், யாரோ வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல.

"எனக்குத்தான வந்திருக்கு?"

"ஒனக்குன்னு யாரு சொன்னா?"

"பின்ன ஒங்களுக்கா? கட்டிக்கிடுவியளா?"

எசக்கியம்மாள் சிரித்துவிட்டு உடனே சேலை மடிக்கத் தொடங்கினாள். மங்கை மேசையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள். துணி அளந்து கோடு கிழிக்க வைத்திருந்தது. கடையின் கறுப்பு மேசைமேல், வகுப்பில் எழுதுவதுபோலவே அழுத்தி எழுதினாள்.

"பாருங்க. சொர்ணம் அத்தைக்கு வந்தது அன்னைக்கே, சைபர். செண்பகக்காவுக்கு மூணு நாள். உலகக்காவுக்கு நாப்பது நாள். எனக்கு வந்து எழுபது நாள் ஆச்சு, நான் குத்துக்கல்லாட்டம் நிக்கேன். இதுல இருந்து என்ன தெரியுது?"

பிரமநாயகம் மேசையைத் துடைக்கத் துணி தேடினார். ஒன்பதாம் வகுப்பிலும் அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் பென்சிலைத்தான் தேடுவார்கள்.

"சாவச் சொல்ல வந்த சேலை இல்ல அண்ணே இது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா முந்தி வரப் பாத்திருக்கு. நீங்கதான் தாம்பாளத்த எடுத்துட்டு அது பின்னாலயே போயிருக்கிய."

பிரமநாயகம் சாவியைக் கொடுக்கவில்லை. ஆனால் சாவி இருந்த சட்டைப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டார். சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தவள் அவருடைய மகள் பூரணி, இருபத்து மூன்று வயது, கல்லாவுக்குப் பக்கத்தில் கணினியில் பில் போடுபவள். மங்கை திரைக்குப் பின்னால் போய்த் தன் சேலையைக் களைந்துவிட்டுக் கோடியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கஞ்சி மொடமொடப்பில் மடிப்புகள் அடங்காமல் விரிந்து நின்றன.

"அத்தை, நானும் வாரேன்."

"நீ எங்கட்டி போற?" என்றார் பிரமநாயகம்.

"மடிப்பு நிக்கலப்பா. பஸ்ஸுல எடுத்து விடணும்லா."

ஓர் உயிருள்ள பெண் தன் கோடியைத் தானே கட்டிக்கொண்டு பஜாரின் நடுவே நடந்து போனதை நெடுங்கரை அன்று பார்த்தது. வாழைப்பழக் கடைக்காரர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வெற்றிலைக் கடையில் வானொலியை நிறுத்தினார்கள். இரண்டு ஆட்டோக்கள், பாடைக்கு ஒதுங்குவதுபோல, ஓரமாக ஒதுங்கின. பழக்கத்தின் காரணமாக ஒரு பெண் ஒப்பாரிக்குக் குரலை எடுத்தேவிட்டாள். "ஏ, இன்னும் போகல, பஸ்ஸே வரல" என்று மங்கை அவளைப் பார்த்து அதட்டினாள். பஸ் வந்தது. ஏறியதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். "உக்காருங்க, உக்காருங்க, நான் இன்ஸ்பெக்சனுக்கா வந்திருக்கேன்?" என்றவள், பூரணியின் கையை இறுகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மருத்துவர் கண்ணாடி போட்ட பெண்மணி, மங்கையைவிட ஓரிரு வயதுதான் மூத்தவராக இருப்பார். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா, எந்த உறுப்பில், எத்தனை வயதில் என்று கேட்டார். மங்கை தனக்குச் சொல்லப்பட்டிருந்ததைச் சொன்னாள். மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார்.

"நெஞ்சுவலி, காமாலை, காய்ச்சல். இதுக்கு எங்கிட்ட ஏன் வந்தீங்க?"

"எங்களுக்குச் சொன்னது அதுதான் டாக்டர். செண்பகக்கா போனப்போ நான் ஹாஸ்டல்ல இருந்தேன். உலகக்கா போனப்போ நெறமாசம், துட்டி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகல. அந்த வியாதின்னு தெரியும். எங்க வந்துதுன்னு தெரியாது."

"தெரிஞ்சவங்க யாரு?"

"எங்க அண்ணன்."

"அவர்கிட்ட கேளுங்க. முப்பத்தெட்டு வயசுல, உடம்புக்கு ஒண்ணும் இல்லாதவங்களுக்கு எல்லாப் பரிசோதனையும் நான் எழுத மாட்டேன். யாருக்கு எதுல, எந்த வயசுல வந்துதுன்னு தெரிஞ்சாத்தான் உங்களுக்கு எதை, எப்ப இருந்து, எத்தனை நாளைக்கு ஒருக்கா பாக்கணும்னு முடிவு பண்ண முடியும்."

பூரணி கைபேசியை எடுத்தாள். "அப்பா, அத்தைமாரு எதுல செத்தாங்கன்னு டாக்டர் கேக்காங்க."  மறுமுனையில் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துப் பிரமநாயகம் வந்தார். கடைப் பெயர் அச்சிட்ட துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்திருந்தார். அதற்குள் மூன்று பெண்களின் சீட்டுகளும், படங்களும், சோதனை முடிவுகளும் ஆண்டுவாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தன. கடையின் சேலைக் கட்டுகளுக்கு அடியில், பூச்சி வராமல் வேப்பிலை போட்டு, பதினெட்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறார். ஊரிலிருந்து மறைத்ததை அவரால் எறிய முடிந்ததில்லை. உட்கார்ந்து, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

"சொர்ணம். எங்க அத்தை. மார்புல கேன்சர். நாப்பத்தொன்பது. செண்பகம். எங்க அக்கா. மார்புல கேன்சர். கண்டுபிடிச்சப்போ நாப்பத்திமூணு, போனப்போ நாப்பத்தஞ்சு." அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்தும் கூரை அப்படியே இருந்ததை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "உலகம்மா. தங்கச்சி. அவளுக்கு இது இல்ல டாக்டர், அவளுக்கு வேற. சினைப்பையில. அதனாலதான் இது குடும்ப வியாதி இல்லன்னு நெனச்சேன்."

"வேற இல்லைங்க" என்றார் மருத்துவர். "சில குடும்பங்கள்ல இது ரெண்டும் ஒரே மரபணுக் கோளாறால வரும். நீங்க வேறன்னு நெனச்சதுதான் எனக்கு முக்கியமான தகவல்."

"எங்க அம்மை எண்பத்தோரு வயசு வரைக்கும் நல்லா இருந்தாளே."

"அப்பா வழியாவும் வரும்."

"எங்க அப்பாவுக்கு ஒண்ணும் வரலையே."

"ஒண்ணும் வராமலே ஆண்கள் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும். அவர் தங்கச்சிக்கும் அவருக்கும் ஒரே தாய் தகப்பன். அவர்கிட்ட இருந்து உங்க அக்கா தங்கச்சிக்கு. உங்களுக்கும் வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். சோதிச்சாத் தெரியும்."

பிறந்த வீடு பெண்ணுக்குக் கொடுப்பவற்றின் வரிசையில் தாம் அறியாத ஒன்றும் இருந்திருக்கிறது என்பதும், அதைச் சுமந்துபோய்க் கொடுத்தவர்கள் ஆண்கள் என்பதும் பிரமநாயகத்துக்குப் புரிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்தபோது அவர் தங்கையைப் பார்க்கவில்லை. அவளுடைய மடிப்பைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்த பூரணியைப் பார்த்தார்.

"எழுதிக்கிடுங்க டாக்டர்" என்றார். "எம் மக பேரு பூரணி. அவளுக்கு எந்த வயசுல இருந்து பாக்கணும்?"

படமும் ஸ்கேனும் எடுத்ததில் மங்கையின் இடது மார்பில், அவள் கைக்கோ வேறெவர் கைக்கோ தட்டுப்படாத ஆழத்தில், உளுந்தம்பருப்பைவிடச் சிறியதாக ஒன்று இருந்தது. அதை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, வாந்தி எடுத்தாள், பார்க்க வந்தவர்களையெல்லாம் திட்டினாள், தளவாய் ரசம் வைத்தான், முதல் பத்து நாளும் புளி அதிகம். எளிதாக இருந்தது என்று யாராவது சொன்னால் அவர்கள் பக்கத்தில் இருந்தவர்கள் அல்லர். எல்லோருக்கும் உளுந்தளவில் அகப்படும் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் வலி வந்த பிறகு அகப்படுவதற்கும் வலிக்கு முன்னால் அகப்படுவதற்கும் இடையே ஒரு பெண் முழுதாக உட்கார்ந்து வீட்டுக் கணக்குத் திருத்தலாம் என்பது நெடுங்கரைக்குத் தெரிந்தது.

அந்தச் சேலை அதன்பின் தட்டுக்குப் போகவில்லை. முதல் நாள் மாலையே மங்கை அதைத் துவைத்துக் கொல்லையில் போட்டாள். ஆற்றில் நனையாத சேலை குழாய்த் தண்ணீரில் சாயம் விட்டது, கஞ்சி கரைந்தது, சுருங்கியது. தண்ணீர் படாதவரைதான் அது கோடி. பட்ட பிறகு அது சேலை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அதையே உடுத்தினாள். பதினெட்டாம் முறையில் முந்தானை கிழிந்தது.

ஊர் இதையும் தன் முறைப்படியே ஏற்றுக்கொண்டது. ஊருக்கு எதையும் முறையாக்கினால்தான் செய்ய வரும். தை மாதம் ராஜம், தன் தாய்க்கு இருந்ததென்று நாற்பது ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டு, அண்ணனை வரவழைத்து, புதுச்சேலை ஒன்று எடுத்துத் தரச் சொல்லி, அதைக் கட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஏறினாள். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த செவ்வாயில் மூவர். அதற்கடுத்ததில் ஏழு பேர். அந்த வியாதி வந்த வீட்டுப் பெண்ணைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது பிறந்த வீட்டின் கடமை என்றும், அண்ணன் வராவிட்டால் பொங்கல்படி கொண்டுவந்தும் பயனில்லை என்றும் பேச்சு வந்தது. பட்டுச்சேலையில் வந்து வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்து, "எந்த மண்டபத்துக் கல்யாணம்?" என்று ஆஸ்பத்திரிக் காவலாளி கேட்டான். மருத்துவர் மட்டும் பொறுமையிழந்து, வீட்டில் எவருக்கும் இல்லாத இளம்பெண்களும் சேலைக்காக வருவதாகவும், அவர்களை அதற்குரிய வயதில் வரச்சொல்லித் திருப்பி அனுப்புவதே பெரும்பாடாக இருப்பதாகவும் சொல்லியனுப்பினார்.

பங்குனியில் பூரணியைப் பார்க்கச் சேரன்மாதேவியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் சிவகாமி, தகப்பன், மாப்பிள்ளை, இன்னும் நாலு பேர். மங்கைக்கு அப்போதுதான் தலையில் நாற்றுப்போல முடி அரும்பியிருந்தது. அவள் தானாகவே உள்ளறையில் உட்கார்ந்துகொண்டாள். பலகாரத் தட்டு வைத்ததும் பிரமநாயகம் எழுந்துபோய், அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"இது என் தங்கச்சி. கேன்சர் வந்து வைத்தியம் பாத்து நல்லா இருக்கா. எங்க வீட்டுல இது உண்டு. அத்தை, அக்கா, தங்கச்சி மூணு பேரு போயிட்டாங்க. சோதிச்சதுல எனக்கும் அந்த மரபணு இருக்கு. பூரணிக்கு இன்னும் பாக்கல, அது அவ இஷ்டம். ஆனா வருசா வருசம் டாக்டர் சொல்லுத பரிசோதனைய அவ செய்வா, கல்யாணத்துக்குப் பொறவும் செய்வா. அதுக்குச் சம்மதம்னா பேசுவோம். இல்லன்னாலும் கேசரிய சாப்பிட்டுட்டுப் போங்க, நல்லா வந்திருக்கு."

 மாப்பிள்ளை பூரணியைப் பார்த்தான். பூரணி அவனைத் திருப்பிப் பார்த்தாள், தலை குனியவில்லை. சிவகாமி கேசரித் தட்டை மடியில் வைத்தபடி, உண்ணாமல், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வீட்டுல கலந்துட்டுச் சொல்லுதோம்" என்றார் தகப்பன். எல்லோரும் எழுந்தார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பிரமநாயகம் கைகூப்பி வாசல்வரை வந்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, வெட்கம் இல்லை.

ஆண்கள் காருக்குப் போனார்கள். சிவகாமி செருப்பு வார் மாட்டுவதற்குக் குனிந்தவள் நிமிராமலே இருந்தாள். வார் மாட்டியாகிவிட்டது, கை மட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. துணைக்கு வந்து நின்ற மங்கையிடம், தரையைப் பார்த்தபடி, மெல்லிய குரலில் கேட்டாள்:

"அந்த டாக்டரம்மா என்னைக்கு வருவாங்க?"

மங்கை பக்கத்தில் குந்தினாள். "ஒங்களுக்கு யாரு?"

"அக்கா ரெண்டு பேரு. ஒருத்திக்கு நாப்பது, ஒருத்திக்கு நாப்பத்திமூணு."

"ஒங்களுக்கு இப்ப என்ன வயசு?"

"நாப்பத்தொன்பது. எங்க வீட்டுல இவுகளுக்குக்கூட நான் சொன்னதில்ல." சிவகாமியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு செருப்பின்மேல் விழுந்தது. காரிலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"அடிக்கட்டும், இருங்க" என்றாள் மங்கை. "செவ்வாயும் வெள்ளியும் வருவாங்க. காலைல சாப்பிட்டுட்டே வரலாம், வெறும் வயிறா இருக்கணும்னு இல்ல. அக்காமாரு சீட்டு எதாவது இருந்தா எடுத்துக்கிடுங்க. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். அக்குள்ல பவுடர் மட்டும் போட்டுட்டு வராதிய மதினி, படத்துல புள்ளி புள்ளியா விழும்."